கண்ணாடி ரூமுக்கு எதுத்தாப்ல

இன்னைக்கும் அங்ஙனதான் கூட்டம். பதினோரு பிள்ளைய. எண்ணக்கூடாது, எண்ணக்கூடாதுன்னு நெனச்சிக்கிட்டே எண்ணிட்டேன். ரெண்டு தரையில உக்காந்துருக்கு, ஒருத்தன் சுவத்துல சாஞ்சு செல்ல நோண்டுதான், மத்ததெல்லாம் கையில டோக்கன வச்சுக்கிட்டு அந்தக் கண்ணாடிக் கதவையே பாத்துட்டு நிக்குதுவ, உள்ள இருந்து சாமி புறப்படப் போற மாதிரி. டோக்கனாம் டோக்கன். ஒரு ஆளுக்குப் பதினஞ்சு நிமிஷமாம். என் கவுண்டர்ல ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷம் ஆவும். அதுக்குள்ள எந்தப் பேப்பர எடுக்கணும், எத எடுத்தா அரியர் விழும், எந்த வாத்தியாருக்கு அசைன்மென்ட மொத நாளே குடுத்துரணும், எல்லாம் சொல்லி சீலும் குத்தி அனுப்பிருவேன். முப்பத்தி நாலு வருசமா இதே வேலை. இந்தக் காலேஜுல கனகமணி அக்கான்னா தெரியாத ஆளு கிடையாது, பிரின்சிபால் பேரக் கேட்டாத்தான் பிள்ளைய முழிக்கும். பெரிய காலேஜும் இல்ல, பாளையங்கோட்டைக்கு வெளிய, புளியமரத்துக்கு நடுவுல, மொத்தமே எழுநூறு பிள்ளைய, முக்காவாசி பி.ஏ.தான். நான் படிப்புப் பிரிவு கிளார்க். மரத்தட்டி, அதுல அரைவட்டமா ஒரு ஓட்டை, பின்னால நான். அந்த ஓட்டைய எந்த மூதி வச்சானோ, ரொம்பக் கீழ வச்சிட்டான், பிள்ளைய குனிஞ்சாத்தான் மூஞ்சி தெரியும். குனியாட்டா கைதான். அதனால எனக்குக் கைய வச்சே ஆளு தெரியும். மோதிரம் போட்ட கை, நகம் கடிச்ச கை, மருதாணிக் கை, ஒரு தடவ ஆறு விரல் கை ஒண்ணு, அந்தப் பையன் இப்ப தென்காசியில தாசில்தார் ஆபீஸுல இருக்கான், வரலாறு படிக்க வந்தவன நாந்தான் பொருளாதாரத்துக்கு மாத்திவிட்டேன், போன பொங்கலுக்குக் கூட போன் போட்டான். இல்ல, அதுக்கு முந்துன பொங்கலுக்கு. போன பொங்கலுக்குப் போடல.

அவ வந்து ஒண்ணரை வருசம் ஆவுது. ரெனிட்டா. மாணவர் ஆலோசகர்னு கதவுல பொன்னெழுத்துல ஒட்டியிருக்கு. இருவத்தொம்பது வயசு, பெங்களூர்ல படிச்சவ, காதுல ஒரு பொட்டுக் கம்மல், கழுத்துல ஒண்ணுங் கிடையாது, கைத்தறிச் சேலை, பாக்கப் பழசு மாதிரி இருக்கும், கேட்டா அதான் வெலை கூடுதலாம். அந்த ரூமு முன்ன பழைய விடைத்தாளக் கட்டிப் போடுத ரூமு. எலிப் புழுக்கையும் பல்லியுமா இருக்கும், நானும் சேர்மக்கனியும் மூக்கப் பொத்திக்கிட்டு உள்ள போயி தாள எடுத்துட்டு வருவோம். அத இடிச்சு, வெள்ளையடிச்சு, கண்ணாடி போட்டு, மஞ்சக் கலர்ல நாக்காலி போட்டு, ஒரு தொட்டியில செடி. எனக்கு முப்பத்தி நாலு வருசமா இதே இரும்பு நாக்காலி, ஒரு கால் ஆடும், காயிதத்த மடிச்சு வச்சிருக்கேன். நாக்காலிக்கு நான் பொறாமைப்படல. பட்டாலும் தப்பில்ல. அவ என்ன செய்தாங்கதுதான் எனக்கு ஆறல. அவ ஒண்ணுமே சொல்ல மாட்டா. பிள்ளைட்ட கேப்பாளாம், 'உனக்கு எது பிடிக்கும்?' அத ஒரு பிள்ள வெளிய வந்து இன்னொரு பிள்ளைட்ட சொல்லிச்சு, எங்காதுல விழுந்துச்சு. 'மிஸ்ஸு எனக்கு என்ன பிடிக்கும்னு கேட்டாங்கடி,' அப்படிங்கா, கண்ணு கலங்கி நிக்கா. இதுல கண்ணு கலங்க என்ன இருக்கு? நான் முப்பத்தி நாலு வருசத்துல ஒரு பிள்ளைட்ட அப்படிக் கேட்டதில்ல. என்னத்துக்குக் கேக்கணும்? பிடிச்சதப் படிக்கவா பிள்ளைய வருது, பாஸாவ வருது. என்ட்டயும் யாரும் கேட்டதில்லதான். எங்க வீட்டுக்காரர் கல்யாணம் ஆன புதுசுல ஒருநாள், 'கனகு, உனக்கு என்ன கறி பிடிக்கும்'னு கேட்டாரு, நான் யோசிச்சுட்டு இருக்கதுக்குள்ள, 'சரி, மீனே வாங்கிட்டு வாரேன்'னுட்டுப் போயிட்டாரு. நல்ல மனுசன். பக்கத்து டேபிள் சேர்மக்கனி இருக்காளே, டைப்பிஸ்ட்டு, அவ வாயி சும்மா இருக்காது. இப்பந்தான் கேட்டா, 'என்னக்கா, அங்ஙனயே பாத்துட்டு இருக்கிய, நீங்களும் ஒரு டோக்கன் வாங்கணுமோ?' 'ஏன், எனக்கென்ன கொற?' 'ரிட்டையர் ஆனா என்ன செய்யன்னு கேளுங்க. பதினஞ்சு நிமிஷம் உக்காந்து கேப்பாங்கல்லா.' 'வாய மூடிட்டு டைப் அடிட்டி.' சிரிக்கா. சவம், சிரிக்கட்டும். ஏப்ரலோட எனக்கு முடியுது. பொறவு இந்த ஓட்டைக்குப் பின்னால சேர்மக்கனிதான் உக்காருவா, அவளுக்கு எந்தக் கையும் தெரியாது.

மணி ரெண்டே முக்கால். இன்னைக்கு நாலு மணியோட கடைசி செமஸ்டர் பேப்பர் பதியுதது முடியுது. முன்னல்லாம் இந்த நாள்ல என் கவுண்டர்ல மதியச் சோறு திங்க விட மாட்டாங்க, ஒரு தடவ கீழப்பாட்டம் ஊருப் பிள்ள ஒண்ணு வரிசையிலயே மயங்கி விழுந்து, நான் என் தூக்குச்சட்டி மோர ஊத்திக் குடுத்து... இப்ப எல்லாம் கம்ப்யூட்டர். அதத் தொறக்கச் சாவி, பாஸ்வேர்டு என்னமோ, அது அந்தக் கண்ணாடி ரூமுலதான். எனக்கு மிச்சம் சீலு. நெனச்சிக்கிட்டே இருக்கேன், ஓட்டையில ஒரு கை வந்துச்சு. வலது கை ஆள்காட்டி விரல் ஓரத்துல பழுப்புக் கறை, நகத்த ஒட்ட வெட்டியிருக்கும், பீடியெல வெட்டுத கை. எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு குளுமை. 'முப்பிடாதி! வாட்டி.' குனிஞ்சா. ஆலங்குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், வரலாறு மூணாம் வருசம், அப்பா கெடையாது, அம்மையும் இவளும் பீடி சுத்திதான் பொழப்பு. மே மாசம் பட்டம் கைக்கு வந்தா பி.எட். சேரலாம், வரலன்னா தாய்மாமன் பாத்து வச்சிருக்க மாப்பிள்ள, சிவகாசியில லாரி ஷெட்டு, முப்பத்தாறு வயசு. எல்லாம் எனக்குத் தெரியும், எல்லாத்தையும் இந்த ஓட்டை வழியாத்தான் சொல்லியிருக்கா. 'அக்கா, ரெனிட்டா மிஸ்ஸு கடைசி வருசப் பிள்ளைய எல்லாரும் இன்னைக்குள்ள ஒருக்க வந்து பாத்துட்டுப் போகணும்னு சொன்னாங்களாம். நான் போகணுமாக்கா?' பாத்தியா, என்ட்ட வந்து கேக்கா. அங்ஙன பதினோரு பேரு நிக்குதுவ, இவ என்ட்ட வந்து கேக்கா. 'எதுக்குட்டி? உன் பேப்பரெல்லாம் போன வருசமே நான் பாத்தாச்சுல்லா?' 'ஆமாக்கா. ஆனா எல்லாரும் போறாவ...' 'எல்லாரும் கெணத்துல விழுந்தா நீயும் விழுவியா? அங்ஙன போனா சாயங்காலம் ஆக்கிருவா, உனக்கு என்ன பிடிக்கும், உன் நாய்க்குட்டிக்கு என்ன பிடிக்கும்னுட்டு. பஸ்ஸு எப்ப?' 'மூணரைக்கு இருக்கு.' 'அப்ப கெளம்பு. அம்மை தனியா பீடிக் கட்டு கட்டிட்டு இருப்பா.' பல்லு தெரியச் சிரிச்சா, 'சரிக்கா, நீங்க சொன்னாச் சரிதான்,' அப்படின்னுட்டுப் போயிட்டா. நீங்க சொன்னாச் சரிதான். நான் சேர்மக்கனியத் திரும்பிப் பாத்தேன், கேட்டாளான்னு. கேக்காத மாதிரி டைப் அடிக்கா.

அந்த ஒரு வார்த்தைய வச்சு இன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்கலாம். இப்படி ஆயிட்டேன் பாத்துக்கோ, ஒரு சின்னப் பிள்ள சொல்லுத வார்த்தைக்கு ஏங்கிக்கிட்டு. எங்க பேத்தி கோயமுத்தூர்ல இருக்கா, நாலு வயசு, போன்ல 'ஆச்சி பேசுதேன்டா'ன்னா, 'எந்த ஆச்சி?'ங்கா. அங்ஙன சம்பந்தியம்மா பக்கத்துலயே இருக்கா, தெனமும் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறா, அவதான் ஆச்சி, நான் எந்த ஆச்சி. சரி அத விடு. சந்தோசத்துல கை சும்மா இருக்கல, அலமாரியத் தொறந்து சர்க்குலர் ஃபைல எடுத்தேன். எதுக்கு எடுத்தேன்னு சொன்னா வெக்கம், ரெனிட்டா கையெழுத்துப் போட்டு வந்த காயிதத்துல எதாவது தப்பு இருந்தா பிரின்சிபால்ட்டக் காட்டலாம்னுதான். 'ரிட்டையர் ஆவுதவ சொல்லுதேன்னு நெனைக்காதீங்க சார், இந்தப் பிள்ளைக்கு அனுபவம் பத்தல'ன்னு, தன்மையா, வலிக்காம சொல்லணும். அவகிட்ட இருந்து வந்த எந்தக் காயிதத்தையும் இதுவரைக்கும் நான் படிச்சதில்ல. வரும், தேதி சீலு போடுவேன், ஓட்டை போட்டு ஃபைல்ல மாட்டிருவேன். எனக்கு அவ என்ன சொல்லித் தரது? நான் இந்த வேலைக்கு வரும்போது அவ பொறக்கல்ல. அந்தக் கோவத்துல ஒண்ணொண்ணாப் புரட்டிக்கிட்டே வாரேன், போன வருசம் ஜூன் மாசக் காயிதம், என் சீலுதான், நேராக் கூட விழல, சாஞ்சு விழுந்துருக்கு. அதுக்குக் கீழ நாலாவது வரி. வாசிச்சேன். கண்ணாடியத் தொடச்சிட்டு மறுபடியும் வாசிச்சேன். விசயம் இதுதான். பி.ஏ. பட்டம் வாங்கத் தன் துறைப் பேப்பர் பாஸானா மட்டும் பத்தாது, வேற துறையில ரெண்டு பேப்பர் படிச்சிருக்கணும். ஆனா என்.எஸ்.எஸ்.ல சேந்து முகாமுக்குப் போன பிள்ளைக்கு அந்த ரெண்டுல ஒண்ணு கழிஞ்சிரும். நான் வேலைக்கு வந்த நாள்ல இருந்து அதான் சட்டம். முப்பிடாதி பத்து நாள் முகாமுக்குப் போயி கோயில் தெப்பக்குளத்துல பாசி வழிச்ச பிள்ள. அதனால போன வருசம் நாந்தான் சொன்னேன், 'ரெண்டாவது பேப்பர் உனக்கு வேண்டாம்ட்டி, சனிக்கெழம வகுப்பு அது, அந்நேரம் வீட்டுல இருந்து அம்மைக்கு ஒத்தாசை செய்யி'ன்னு. காயிதத்துல என்ன இருக்கு? இந்த பேட்ச்ல இருந்து என்.எஸ்.எஸ். கழிவு கெடையாதாம். ரெண்டு பேப்பரும் படிச்சாத்தான் பட்டமாம். முப்பிடாதி படிச்சது ஒண்ணு.

ஃபைல மூடிட்டேன், மூடினா அது இல்லன்னு ஆயிருமா, திரும்பத் தொறந்தேன், அங்ஙனயேதான் இருக்கு. சேர்மக்கனி, 'என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?' 'வெயிலு.' 'மழைல்லா பெய்யிது.' ஆமா, மழை பெய்யிது. கார்த்திகை மழை, நான் பாக்கவே இல்ல. மணி மூணு பத்து. வேற யாருக்காவது இப்படிச் சொன்னேனா? சொல்ல யாரு வந்தா, போன வருசமே எல்லாரும் அங்ஙன போயாச்சே, என்ட்ட வந்தது இவ ஒருத்திதான. என்ன நம்பி வந்த ஒரே பிள்ள. மத்த எல்லாப் பிள்ளையும் தப்பிச்சிட்டு. இத நெனச்சா சிரிக்கவா அழுகவான்னு தெரியல. பொறவு மெதுவா, ரொம்ப மெதுவா, இன்னொரு நெனப்பு வந்துச்சு, அத நான் கூப்புடல, அதாவே வந்து பக்கத்துல உக்காந்துச்சு. யாருக்குத் தெரியும்? வாயால சொன்னது, காயிதத்துல இல்ல. மே மாசம் மார்க் சீட்டு வரும், பட்டம் வராது, அப்ப நான் இங்ஙன இருக்க மாட்டேன். பிரின்சிபால் யாரக் கேப்பாரு? ஆலோசகரத்தான கேப்பாரு. எல்லாப் பிள்ளையும் பாக்கணும்னு சொன்னியே, இந்தப் பிள்ளைய ஏன் விட்டன்னு கேப்பாரு. கதவுல பொன்னெழுத்து யாரு பேரு? அவ பதில் சொல்லட்டும். மஞ்ச நாக்காலியில உக்காந்து பதில் சொல்லட்டும். ஒரு நிமிஷம், நெசமாச் சொல்லுதேன், ஒரு நிமிஷம் எனக்கு அது இனிச்சுது. நாக்குல இனிச்சுது. அப்படியே இருந்துட்டா என்னன்னு இருந்தேன். அப்ப பாத்து அந்த மனுசன் நெனப்புக்கு வாரான், எதுக்கு வந்தான்னு தெரியல, ஹெட் கிளார்க்கு, வெத்தல வாயி, பேரு மறந்துட்டு. நான் பிளஸ் டூ முடிச்ச வருசம் எங்கய்யா என்னக் கூட்டிட்டு சைக்கிள்ல டவுன் காலேஜுக்குப் போனாரு. அவன் ஜன்னலுக்குள்ள இருந்து தலையத் தூக்கல, 'தேதி முடிஞ்சிட்டு'ன்னான். ஒரு வார்த்தை. எங்கய்யா அதுக்கு மேல கேக்கல, பெரியவங்க சொன்னாச் சரிதான்னுட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு எங்க தெரு வள்ளிமயிலு அதே காலேஜுல சேந்துட்டு வாரா, தேதி முடியவே இல்ல. ஆனா அதுக்குள்ள எங்கய்யா டைப்ரைட்டிங்குக்குப் பேசிட்டாரு. மறு வருசம் என் தங்கச்சி புஷ்பம் போனா, எம்.ஏ. வரைக்கும் போனா, இப்பவும் வீட்டுக்கு வந்தா காலு மேல காலு போட்டு இங்கிலீஷ் பேப்பர் வாசிக்கா. அவ மேல எனக்கு இருக்க எரிச்சல் அவளுக்கே தெரியாது. அந்த கிளார்க்கு எங்க இருப்பான்? செத்துருப்பான். அவனுக்கு என் மூஞ்சி தெரியாது. குனிஞ்சி பாக்கவே இல்லையே. எனக்கு முப்பிடாதி மூஞ்சி தெரியும், பல்லு தெரியும், விரல் கறை தெரியும், சிவகாசிக்காரன் வயசு தெரியும். மே மாசம் அவ இந்த ஓட்டைக்கு வந்து குனிஞ்சு, 'கனகமணி அக்கா எங்க?'ன்னு கேப்பா. சேர்மக்கனி எதுத்த ரூமக் கையக் காட்டுவா. அங்ஙன போவா. ரெனிட்டா கேப்பா, 'ரெண்டாவது பேப்பர் வேண்டாம்னு யாரும்மா சொன்னா?' இவ பொய் சொல்லத் தெரியாதவ. அப்பவும் என்னத் திட்ட மாட்டா. 'அக்காக்குத் தெரிஞ்சிருக்காது மிஸ்'னு சொல்லுவா. அதத்தான் தாங்க முடியாது.

மணி மூணு இருவது. எந்திச்சிட்டேன். 'எங்கக்கா?' 'டோக்கன் வாங்க.' சேர்மக்கனி டைப் அடிக்கத நிப்பாட்டிட்டா. அந்த நடை எத்தன அடி, எட்டடி இருக்குமா, அந்தப் பக்கம் நான் போனதே இல்ல, கக்கூஸுக்குக் கூட சுத்தித்தான் போவேன். பிள்ளைய எல்லாம் விலகுச்சு, 'அக்கா, நீங்க முன்னால போங்க'ன்னுச்சு, அந்த மரியாதை முதுகுல குத்துன மாதிரி இருந்துச்சு. உள்ள ஒரு பையன் அப்பந்தான் எந்திக்கான். ரெனிட்டா என்னப் பாத்ததும் நாக்காலிய விட்டு எந்திச்சா. 'வாங்கக்கா, உக்காருங்க.' நிக்கணும்னுதான் நெனச்சேன், உக்காந்துட்டேன், அந்த மஞ்ச நாக்காலி ரொம்ப மெத்துன்னு இருந்துச்சு, அதுவும் எனக்குக் கோவம். 'வரலாறு முப்பிடாதி'ன்னேன், 'வேற துறைப் பேப்பர் ஒண்ணு கொறையுது.' அதுக்கு மேல வரல. அவ கம்ப்யூட்டர்ல தட்டுனா, பாத்தா, ஏன் எப்படின்னு ஒரு கேள்வி கேக்கல. 'இன்னும் நேரம் இருக்குக்கா. அவ போனுக்கு ஒரு நம்பர் வரும், அதச் சொன்னாப் பதிஞ்சிரலாம். போன் நம்பர் இருக்கா?' எனக்கு மனப்பாடம். என் செல்லுலயே போட்டேன், ரெனிட்டா ஸ்பீக்கர்ல வைக்கச் சொன்னா. மூணு தடவ மணி அடிச்சு எடுத்தா, பின்னால கண்டக்டர் ஆலங்குளம், ஆலங்குளம்னு கத்துதான். 'அக்கா, சீட்டு கெடச்சிட்டுக்கா, ஜன்னல் சீட்டு!' 'ஏட்டி, ரெனிட்டா மிஸ்ஸு பேசுதாங்க.' ரெனிட்டா பதட்டமே இல்லாம எடுத்துச் சொன்னா. 'பயப்படாத. ஆறு பேப்பர்ல எடம் இருக்கு. உனக்கு எது பிடிக்கும்?' நேரம் ஓடுது, அப்பவும் கேக்கா பாரு, எது பிடிக்கும்னு. நான் வாயத் தொறந்தேன், காளான் வளர்ப்ப எடுக்கச் சொல்லு, அதுல யாரும் பெயில் ஆவமாட்டான்னு சொல்ல. அதுக்குள்ள ஸ்பீக்கர்ல முப்பிடாதி, மெதுவா, நான் இதுவரைக்கும் கேக்காத ஒரு கொரல்ல, 'மிஸ்... வானத்தப் பத்தி எதுவும் இருக்கா? நட்சத்திரம், கெரகம், அந்த மாதிரி?' 'இருக்கே. பிசிக்ஸ் துறையில, எல்லாருக்குமான வானியல். நாலு சீட்டு இருக்கு.' 'கணக்கு வருமா மிஸ்?' 'கொஞ்சமா வரும். நான் சொல்லித் தாரேன்.' 'அப்ப அதுவே மிஸ்.' மூணு வருசமா இவளப் பாக்கேன். அந்த விரலு எப்படி இருக்கும்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். நட்சத்திரத்த இவ எப்பப் பாத்தா, எங்க இருந்து பாத்தா, எனக்கு ஏன் சொல்லல? நான் ஏன் கேக்கல? நம்பர் வந்துச்சு, அவ ஒவ்வொண்ணாச் சொன்னா, ரெனிட்டா தட்டுனா, பச்சக் கலர்ல ஒரு டிக்கு விழுந்துச்சு. முடிஞ்சிட்டு. அவ்வளவுதான் வேலை. ரெனிட்டா போன் பக்கமாக் குனிஞ்சு சொல்லுதா, 'கனகமணி அக்காதான் கண்டுபுடிச்சு வந்தாங்க. இல்லன்னா விட்டுப் போயிருக்கும். அவங்களுக்குத்தான் தேங்ஸ் சொல்லணும்.' சொல்லிட்டு என்னப் பாத்து லேசாச் சிரிச்சா. எல்லாம் தெரிஞ்ச சிரிப்பு. என்னக் காப்பாத்துதா. நாக்காலி அவளுக்கு, கூட்டம் அவளுக்கு, நட்சத்திரம் அவளுக்கு, இந்தப் பெரிய மனசும் அவளுக்கேவா? அத மட்டும் நான் அவட்ட வாங்க மாட்டேன். 'இல்லட்டி முப்பிடாதி'ன்னேன், சத்தம் கூடுதலா வந்துட்டு, கதவுக்கு வெளிய நின்ன பிள்ளைய எல்லாம் திரும்பிப் பாத்துச்சு, 'கண்டுபுடிக்கல்லாம் இல்ல. ரெண்டாவது பேப்பர் வேண்டாம்னு உனக்குத் தப்பாச் சொன்னது நாந்தான். சட்டம் மாறி ஒண்ணரை வருசமாச்சு. காயிதம் என்ட்டயேதான் கெடந்துச்சு, நான் வாசிக்கல. இன்னைக்கு இங்ஙன வராதன்னு வெரட்டுனதும் நாந்தான்.' ரெனிட்டா மேசையப் பாத்துட்டு இருந்தா. பொறவு முப்பிடாதி பேசுனா, கோவமெல்லாம் இல்ல, கோவப்பட்டிருந்தா நல்லா இருந்துருக்கும். 'சரிக்கா. அதனால என்ன. இனிமே எதும் கேக்கணும்னா நான் மிஸ்ஸுட்டயே கேட்டுக்கிடுதேன்க்கா.' நல்லாக் கேளுட்டின்னு சொன்னேன், சொன்னேன்னுதான் நெனைக்கேன். பஸ்ஸு கெளம்பிட்டு, லைன் போயிட்டு. எனக்குப் பின்னால ஒரு பிள்ள டோக்கனும் கையுமா வந்து நின்னா, ரொம்ப மரியாதையா, 'அக்கா, முடிஞ்சிட்டுன்னா நான் உக்காரட்டுமா?'ன்னா.